மஞ்சள் நாடா ஒட்டிய திருகு

நியூசிலாந்துக் குளிரைப் பற்றி யாராவது கேட்டால், வெளியே அவ்வளவு குளிரில்லை, வீட்டுக்குள்தான் குளிர் என்று சொல்வேன். ஆக்லாந்தின் தெற்கே பாபகூராவில் நாங்கள் வாங்கிய வீட்டில், இங்கே குளிர்காலமான ஜூலை மாதம் கம்பளிச் சட்டை மாட்டிக்கொண்டுதான் சமைத்தேன். காலையில் சன்னல் கண்ணாடியின் உட்பக்கத்தைத் துணியால் துடைத்துப் பிழிந்தால் அரை டம்ளர் தண்ணீர் வரும். மலேசியாவில் தைப்பிங் மழையில் ஊறி வளர்ந்தவள் நான். ஈரம் எனக்குப் புதிதல்ல. ஆனால் ஈரமும் குளிரும் சேர்ந்து எலும்புக்குள் இறங்கும் என்பதை நாற்பத்தெட்டு வயதில்தான் தெரிந்துகொண்டேன். என் கணவருக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. மனுரேவாவில் உறைய வைத்த இறைச்சிக் கிடங்கில் அவருக்கு வேலை. மாலையில் வீட்டுக்குள் நுழைந்ததும், "இங்க எவ்வளவோ தேவலைலா," என்பார், மலேசிய 'லா'வை விடாமல்.

எங்கள் வளாகத்தில் பதினெட்டு வீடுகள். முன்னால் சாலையைப் பார்த்தபடி நான்கு கடைகள்: டெய்ரி என்று இங்கே சொல்லும் ஒரு சில்லறைக் கடை, ஒரு முடிதிருத்தும் கடை, ஒரு மீன் வறுவல் கடை, ஒரு பல் மருத்துவர். எல்லாம் ஒரே மனை. முன்பு அங்கே பெரிய சலவைக்கூடம் ஒன்று இருந்ததாம். அதை இடித்தவர்கள் செங்கல் பாய்லர் அறையை மட்டும் ஏனோ விட்டு வைத்திருந்தார்கள். 2010களின் நடுவில் ஒரு குளிர்காலம் முழுவதும் கூட்டம் போட்டுப் பேசிய பிறகு, அந்த அறையிலேயே புது பாய்லர் ஒன்றை வைத்து, நிலத்தடிக் குழாய் வழியாக எல்லா வீடுகளுக்கும் கடைகளுக்கும் சுடுநீர் அனுப்புவது என்று உரிமையாளர்கள் குழு முடிவு செய்தது. ஐரோப்பாவில் ஊருக்கே இப்படிச் செய்வார்கள் என்று பல் மருத்துவர் சொன்னார். ஆக்லாந்தில் அப்படி ஒன்றை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

குழுவின் செயலாளர் நான். அந்த வேலைக்கு வேறு யாரும் கை தூக்காததால் தூக்கினேன். தூக்கிய கையை நீ அப்புறம் இறக்கவே இல்லை என்று கணவர் கேலி செய்வார். அதில் உண்மை உண்டு. எனக்கு எதுவும் ஒழுங்காக, வரிசையாக, எழுத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குரல் தானாக உயர்ந்துவிடும்.

இணைப்பு வேண்டும் வீடு ஒவ்வொன்றும் கையெழுத்திட வேண்டும். கோப்பைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறினேன். ஐந்தாம் வீட்டு வெள்ளைக்காரத் தாத்தா, "குளிர்ந்தால் இன்னொரு ஸ்வெட்டர் போடு, அதற்கு எதற்குக் குழாய்?" என்று கதவைச் சாத்தினார். முடிதிருத்தும் கடைக்காரப் பெண் பேனாவை என் கையிலிருந்தே பிடுங்கிக் கையெழுத்திட்டாள். வெந்நீர் தீர்ந்துபோய், தலையில் நுரையோடு வாடிக்கையாளர்களை உட்கார வைத்துப் பார்த்தவள் அவள்.

அவளுக்கும் முன்பே, முதல் ஆளாகக் கையெழுத்திட்டது கடைசி வீட்டுப் பெண்தான். யாழ்ப்பாணத்துப் பெண், முப்பதை எட்டாதவள். சரிவின் அடியில், ஓடையை ஒட்டி அவள் வீடு. பாய்லருக்குப் பக்கத்தில் என் வீடு ஒன்று என்றால், கோடியில் அவள் வீடு பதினெட்டு. மகளுக்கு ஒன்றரை வயது. இரண்டு சோடிக் காலுறை, காதை மூடிய தொப்பி, மேலே ஒரு கம்பளி. அந்தப் பிள்ளையை வீட்டுக்குள் வேறு கோலத்தில் நான் கண்டதில்லை. பிறந்த முதல் குளிர்காலத்திலேயே மூன்று முறை ஆஸ்பத்திரியில் கிடந்திருந்தாள்.

"நெஞ்சுச் சளி அன்ரி. இரவில இழுக்கும். வீட்டைச் சூடா வைச்சிருங்கோ எண்டு டொக்டர் ஒவ்வொரு முறையும் சொல்லுறார். நாங்களும் ஹீட்டரைப் போட்டுத்தான் பாக்கிறம், சுவரெல்லாம் ஈரமாத்தான் கிடக்கு," என்றாள். "இந்தக் குழாய் எங்கட வீடு மட்டும் வருமோ?"

"வரும்மா. நான் இருக்கேன்ல," என்றேன். எழுதும்போது அந்தப் பதில் எனக்கே கசக்கிறது.

குழாய் வேலையை எடுத்தவர் பிஜி இந்தியர். நாண்டிப் பக்கம் கரும்புத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அவர் முன்னோர்கள் நம் பக்கத்திலிருந்து கப்பலேறியவர்கள். தமிழ் அவரிடம் அக்கா, மாமா, சோறு, ரசம் என்று சில சொற்களாக மட்டும் மிஞ்சியிருந்தது. மற்றதெல்லாம் ஆங்கிலத்தில்தான் பேசினோம். இங்கே அவர் பேச்சை என் தமிழில் எழுதுகிறேன். அந்த "அக்கா" மட்டும் அவருடையது.

அவர் வேலை செய்வதைப் பார்ப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது. கார் நிறுத்துமிடத்தின் குறுக்கே வாய்க்கால் போல வெட்டி, போகிற குழாய் ஒன்று, வருகிற குழாய் ஒன்று என்று சோடியாகப் படுக்க வைத்தார். தடித்த நுரைப் போர்வைக்குள் இருந்த குழாய்கள். இணைப்பு வந்த இடமெல்லாம் போர்வையைத் தானே சுற்றி, மழை நின்ற நாளாகப் பார்த்து மூடினார். மண்ணுக்குள் போகிற வேலைதானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று அவர் நினைத்ததே இல்லை. ஒரு இணைப்பில் விரல் நுழையும் இடைவெளி தெரிந்ததென்று, மூடிய குழியை மறுபடி தோண்டினார். சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்கு ஒரு வார்த்தை சொல்ல இடமில்லாமல் செய்த ஒரே வேலைக்காரர் இந்த நாட்டில் அவர்தான்.

கையெழுத்திட்ட ஒவ்வொரு வீட்டிலும் மாடிப்படிக்குக் கீழே அலமாரியில் ஒரு இரும்புப் பெட்டி பொருத்தினார். பாய்லர் நீர் அந்தப் பெட்டிக்கு வந்து, தன் சூட்டை வீட்டு நீருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போகும். வீட்டுக்குள் அறைக்கு அறை சுவரில் சூடு பரப்பும் வெள்ளைத் தகடுகள்.

திறக்கும் நாள் வந்தது. நான் கேசரி கிண்டி, வாசலில் கோலம்கூடப் போட்டு வைத்திருந்தேன். அவரோ கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் வாசலைக் கடந்து நேரே சரிவில் இறங்கினார்.

"எங்க வீடு பாய்லருக்குப் பக்கத்துலதானே இருக்கு? முதல்ல இங்க திறந்தா என்னா?" என்று மறித்தேன்.

"அக்கா, நீங்க கோயில்ல பந்தி பரிமாறியிருக்கீங்களா?"

"ஏன், நல்லா பரிமாறியிருக்கேன்."

"முதல் இலைக்காரர் கேட்கக் கேட்கப் போட்டுக்கிட்டே இருந்தா, கடைசி இலைக்கு என்ன மிஞ்சும்? தண்ணியும் அப்படித்தான். பக்கத்து வீட்டுக்கு ஓடுறது அதுக்குச் சுலபம். எங்க ஊர்க் கோயில்ல கடைசி வரிசைக்குச் சோறு போய்ச் சேர்ந்துடுச்சான்னு பார்த்துட்டுத்தான் முதல் வரிசையில ரெண்டாவது தடவை போடுவோம்."

அன்று பதினெட்டாம் வீட்டில் தொடங்கி, ஒவ்வொரு வீடாக மேலே ஏறி வந்தார். அளவுமானியைப் பார்ப்பார், குறித்துக்கொள்வார். பிறகு வெறும் உள்ளங்கையைக் குழாயின் மேல் வைத்துக் கண்ணை மூடி நிற்பார். திருகைக் கால் சுற்று மூடுவார், கொஞ்சம் திறப்பார், மறுபடி கையை வைப்பார். என் வீட்டுக்கு வரும்போது மணி மூன்று. கேசரி ஆறிக் கட்டியாகிவிட்டது. அதைச் சாப்பிட்டுவிட்டு, பெட்டிக்குள் இருந்த ஒரு சின்னப் பித்தளைத் திருகைக் காட்டினார்.

"இதைத் தொடவே கூடாது. இதைத் திறந்தா, சுடுதண்ணி உங்க வீட்டுக்கும் உதவாம, கீழ வீடுகளுக்கும் போகாம, பெட்டிக்குள்ளேயே சுத்திட்டுத் திரும்பிப் போயிடும். பெட்டி மட்டும் ராப்பகலா சும்மா சூடா இருக்கும். ரிப்பேர் பார்க்க வர்ற எனக்கு மட்டும்தான் அது வேணும்."

மூடிய அந்தத் திருகின் மேல் மஞ்சள் நாடா ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தினார். இணைந்த எல்லா வீட்டிலும் அப்படியே. அன்று மாலையே நான் ஆங்கிலத்திலும் தமிழிலும் அறிவிப்பு தட்டச்சு செய்தேன். 'மஞ்சள் நாடா ஒட்டிய திருகை எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள்.' அடியில் என் கையெழுத்து, செயலாளர். வீடு வீடாக நானே கொடுத்தேன்.

அந்தக் குளிர்காலத்தின் முதல் ஆறு வாரங்களை நான் மறக்கமாட்டேன். சன்னல் துடைக்கும் துணி காய்ந்து விறைத்துக் கிடந்தது. கணவர் பனியனோடு சோபாவில் உட்கார்ந்து, தைப்பிங்கில் இருக்கிற மாதிரியே இருக்கிறது என்றார். ஸ்வெட்டர் தாத்தா எங்கள் வீட்டுக்கு ஒரு நாள் வந்து தேநீர் குடித்தார். மறுநாளே, தன் வீட்டுக்கு எப்போது ஆள் வரும் என்று கேட்டார். குழாய்க்காரரும் அடுத்த வாரமே வந்து, அதே பொறுமையோடு இணைத்துக் கொடுத்தார். பதினெட்டாம் வீட்டுப் பிள்ளைக்கு இழுப்பு வரவில்லை. ஜூன் முழுதும் ஒரு முறைகூட ஆஸ்பத்திரி இல்லை. அவள் அதைச் சொன்னபோது, ஏதோ நானே குழி வெட்டிய மாதிரி எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

இனி மாவுக் கதைக்கு வர வேண்டும்.

ஆக்லாந்துக் குளிர்காலத்தில் தமிழ்ப் பெண்கள் இரண்டு பேர் சந்தித்தால், மூன்றாவது வாக்கியம் இட்லி மாவு பொங்கவில்லை என்பதுதான். அடுப்புக்குள் விளக்கைப் போட்டு வைப்பவர்கள் உண்டு. வெயில் நாளில் பானையைக் கார் சீட்டில் வைத்து பெல்ட் மாட்டுபவர்கள் உண்டு. நான் போர்வைக்குள் சுற்றி, அதன் மேல் சுடுநீர்ப் பையும் வைத்துப் பார்த்திருக்கிறேன். எதுவும் நிச்சயமில்லை. ஒருநாள் அரைத்த மாவோடு நிற்கும்போது குழாய்க்காரர் சொன்னது நினைவுக்கு வந்தது. பெட்டி மட்டும் ராப்பகலா சும்மா சூடா இருக்கும். அவர் சொன்னதில் என் காதில் விழுந்து தங்கியது அந்த ஒரு வரிதான். நாடாவை நகத்தால் மெல்ல உரித்தேன். திருகை முழுக்கத் திறந்தேன். பெட்டிக்கு அருகில் பானையை வைத்து அலமாரியைச் சாத்தினேன்.

காலையில் மாவு மூடியைத் தூக்கிக்கொண்டு நின்றது. மல்லிகைப்பூ மாதிரி இட்லி. பத்து வருடமாக இந்த நாட்டில் நான் சுட்டதெல்லாம் இட்லியே இல்லை என்று அன்றுதான் தெரிந்தது.

நல்ல விஷயத்தை மூடி வைக்க எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகும் காரில் ஒன்பதாம் வீட்டுப் பெண்ணிடம் சொன்னேன். அவள் இன்னொருத்தியிடம் சொன்னாள். இரண்டு வாரத்தில், எங்கள் வளாகத்தில் மாவு அரைக்கும் ஏழு வீடுகளிலும் மஞ்சள் நாடா உரிந்துவிட்டது. சென்னையிலிருந்து வந்திருந்த பதினோராம் வீட்டுக் கணினிக்காரர் தபால் பெட்டிக்குப் பக்கத்தில் என்னைப் பிடித்து, "மேடம், சூப்பர் ஐடியா. நேத்து தோசை எங்க ஊர் ஓட்டல் மாதிரி வந்துச்சு," என்றார். அறிவிப்பில் கையெழுத்துப் போட்டவளே சொல்லிவிட்ட பிறகு அவர்களுக்கு என்ன பயம்?

கடைசி வீட்டுக்கும் வாரம் இரண்டு முறை சூடாக இட்லி கொண்டுபோனேன். பிள்ளை வேறெதையும் சாப்பிட மாட்டாள் என்று அவள் சொல்லியிருந்தாள்.

"பஞ்சு மாதிரிக் கிடக்கு அன்ரி. இதை மட்டும்தான் வடிவாச் சாப்பிடுறா."

நான் அவளுக்கும் ரகசியத்தைச் சொன்னேன். அவள் சிரித்தாள். "வேண்டாம் அன்ரி. தொடக் கூடாதெண்டு நீங்கள் தந்த பேப்பரில போட்டிருக்கெல்லே." குளிர்பெட்டிக் கதவைக் காட்டினாள். என் அறிவிப்பு அங்கே காந்தம் வைத்து ஒட்டப்பட்டிருந்தது. பயந்த சுபாவம், பாவம், என்று நினைத்துக்கொண்டு மேலே ஏறி வந்தேன்.

ஜூலை நடுவில் அவள் தொலைபேசியில் அழைத்தாள். குறை சொல்கிற குரலாகவே இல்லை. தன் மேல்தான் பிழை என்பது போலத் தயங்கித் தயங்கிப் பேசினாள்.

"அன்ரி, ஒண்டு கதைக்க வேணும். எங்கட வீட்டுத் தகடு ரெண்டு கிழமையா அவ்வளவு சுடுறேல்ல. நான் ஏதும் பிழையாத் திருப்பிட்டனோ தெரியேல்ல. இப்ப தொட்டா வெறும் குளிராத்தான் கிடக்கு. பிள்ளைக்குத் திரும்ப இழுப்பு வந்திட்டுது. ஆசுபத்திரியிலதான் நிக்கிறம்."

எனக்கு ரத்தம் கொதித்தது. குழாய்க்காரர் மேல். உட்கார்ந்து கடிதம் எழுதினேன். வேலையில் கவனக்குறைவு என்று எழுதினேன். 'கடைசி இலை என்று எங்களுக்குப் பாடம் சொன்ன நீங்களே கடைசி வீட்டை மறந்துவிட்டீர்கள்' என்று எழுதினேன். அந்த வரியை எழுதியபோது ஒரு திருப்தியும் வந்தது, அதையும் மறைக்கவில்லை. பதினெட்டு வீடுகளுக்கும் நான்கு கடைகளுக்கும் நகல் போட்டு மின்னஞ்சலை அனுப்பினேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவர் வந்துவிட்டார். என் கடிதத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. "பிள்ளை எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டார். கடைசி வீட்டுப் பெண் சாவியை என்னிடம் கொடுத்து வைத்திருந்தாள். இருவரும் சரிவில் இறங்கினோம். அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் பழைய ஈரக் குளிர் முகத்தில் அடித்தது. கட்டில் மேல் குட்டிக் காலுறைகள் கிடந்தன. அவர் போகிற குழாயில் ஒரு கை, வருகிற குழாயில் ஒரு கை வைத்து வெகுநேரம் நின்றார்.

"இங்க ஒண்ணும் கெடலை அக்கா. வர்ற வழியில யாரோ எடுத்துக்கிறாங்க."

மேலே ஏறத் தொடங்கினோம். ஒவ்வொரு வீட்டிலும் அலமாரியைத் திறந்து, திரும்பிப் போகும் குழாயைத் தொட்டார். சூட்டைக் கொடுத்துவிட்டு வெதுவெதுப்பாகப் போக வேண்டிய குழாய் அது. பதினோராம் வீட்டில் கையை வைத்தவர் சட்டென்று எடுத்தார். பெட்டிக்குப் பக்கத்தில் எவர்சில்வர் பானை, மேலே ஒரு தட்டு. அவர் தட்டைத் தூக்கிப் பார்த்தார், மூடினார். திருகை மூடி, சட்டைப்பையிலிருந்து மஞ்சள் நாடா எடுத்து ஒட்டினார். ஒன்பதாம் வீட்டிலும் பானை. ஏழாம் வீட்டிலும் பானை.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தேன்.

என் வாசலில் நின்று, "எங்க வீடு நல்லாத்தான் இருக்கு. பார்க்க வேண்டாம்," என்றேன்.

"நல்லா இருக்கிற வீட்டைத்தான் அக்கா பார்க்கணும்," என்றார்.

அலமாரியைத் திறந்தார். அன்றைய மாவு பானையை மீறி வழிந்து, அவர் பொருத்திய பெட்டியின் ஓரத்தில் வெள்ளையாகக் கோடு இறங்கியிருந்தது. தன் கைக்குட்டையால் அதைத் துடைத்தார். திருகை மூடினார். நாடாவை ஒட்டி, முதல் நாள் போலவே கட்டைவிரலால் அழுத்தினார்.

"இட்லி நல்லா வந்திருக்கும்," என்றார். அதில் கேலியே இல்லை. அவர் கத்தியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

அன்று மாலை அவருடைய அறிக்கை எல்லோருக்கும் வந்தது. மூன்றே வரி. குழாய்களில் ஓட்டம் சமனாக இல்லாததால் கடைசி வீட்டுக்குச் சூடு குறைந்தது, இன்று சரிசெய்யப்பட்டது, சிரமத்துக்கு வருந்துகிறேன். பொய் ஒன்றும் இல்லை. ஆனால் படிப்பவர்கள் யாராக இருந்தாலும், முதலிலேயே இவர் சமன் செய்யாமல் விட்டுவிட்டார் என்றுதான் நினைப்பார்கள். ஏழு பானைகளில் ஒன்றைப் பற்றியும் அதில் இல்லை. தன் வேலையின் மேல் அவ்வளவு ரோஷம் உள்ள மனிதர். விரல் நுழைகிற ஓட்டைக்காகக் குழியை மறுபடி வெட்டியவர். எங்கள் மானத்துக்காகத் தன் பெயரைக் கெடுத்துக்கொண்டார்.

பதில்கள் வந்தன. டெய்ரிக்காரர், செயலாளர் கடிதம் போட்டதால்தான் வேலை நடந்தது என்று எனக்கு நன்றி எழுதினார். அதைப் படித்ததும் என்னால் உட்காரவே முடியவில்லை. கணவர் என் முகத்தைப் பார்த்து, "உள்ளதைச் சொல்லிட்டா வயிறு வலிக்காதுலா," என்றார்.

அதே நகல் வரிசைக்கு இன்னொரு கடிதம் எழுதினேன். நாடாவை முதலில் உரித்தவள் நான். மற்ற ஆறு வீட்டுக்கும் சொல்லிக் கொடுத்தவள் நான். வேலையில் எந்தக் குறையும் இல்லை. குழந்தை ஆஸ்பத்திரியில் கிடப்பது என் மாவுப் பானையால். முந்தைய கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன். செயலாளர் என்று எழுதாமல், ஒன்றாம் வீடு என்று எழுதி முடித்தேன்.

அவரிடமிருந்து வந்த பதிலில் ஒரே வாக்கியம்: 'அக்கா, அடுத்த தடவை வரும்போது கேசரி சூடாக வேண்டும்.'

பிள்ளை நான்கு நாளில் வீட்டுக்கு வந்தாள். அதற்கும் இரண்டு நாள் கழித்துத்தான் கீழே இறங்கிப் போக எனக்குத் துணிவு வந்தது. வெறுங்கையோடு போகத் தெரியாத குடும்பத்தில் பிறந்தவள். அன்றும் இட்லி எடுத்துப் போனேன். பொங்காத மாவு. தட்டில் போட்டால் சத்தம் கேட்கும் இட்லி.

கதவைத் திறந்தவள் என் கடிதத்தைப் படித்திருந்தாள் என்பது முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள், "உள்ளுக்கு வாங்கோ அன்ரி, குளிர் வரும்," என்று கதவைச் சாத்தினாள். குளிர்பெட்டிக் கதவில் என் அறிவிப்பு அப்படியே இருந்தது. என் கையெழுத்தும். வளாகத்திலேயே என் சொல்லை மதித்து நடந்தவள் அவள் ஒருத்திதான். அதனால்தான் அவள் பிள்ளை குளிரில் கிடந்தது.

"என்னால்தாம்மா," என்றேன். அழுதுவிட்டேன்.

அவள் என்னை உட்கார வைத்தாள். எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். பாத்திரத்தைத் திறந்து ஒரு இட்லியை விரலால் அழுத்திப் பார்த்தாள். இன்னொரு முறை அழுத்தினாள்.

"இட்டலி நல்ல இறுக்கமாக் கிடக்கு அன்ரி," என்றாள். "அதுதான் எங்கட வீடு சூடாக் கிடக்கு."

அதை சாம்பாரில் ஊற வைத்து, நசுக்கி, பிள்ளையைக் கூப்பிட்டாள். உள்ளறையிலிருந்து பிள்ளை ஓடி வந்தாள். தொப்பி இல்லை, கம்பளி இல்லை. காலுறையும் இல்லாமல், வெறும் காலோடு தரையில் ஓடி வந்தாள்.